கறவை மாடுகளை எத்தனை லிட்டரில் கோடு போட்டுப் பிரிப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். கோபிசெட்டிபாளையம் பக்கம் உங்களிடம் 26 மாடுகள். எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு பாதி, ஜெர்சி கலப்பு பாதி. 20 மாடு கறவையில், 4 வற்றியவை, 2 சினைக் கிடேரிகள். பால் 4 லிட்டரிலிருந்து 19 லிட்டர் வரை. கறவையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் நாளுக்கு ஐந்தரை கிலோ அடர்தீவனம் (தானியம், தவிடு, புண்ணாக்கு கலந்த தீவனம்), ஒரே அளவு. தீவனம் விற்க வருகிறவர், பத்து லிட்டருக்கு மேல் ஒரு கூட்டம், கீழ் ஒரு கூட்டம் என்று பிரித்து இரண்டு வகை மூட்டை போடச் சொல்கிறார். உங்கள் அண்ணன், மாட்டை இடம் மாற்றினால் பால் இறங்கிவிடும் என்கிறார். கோடு பத்தில் போடுவதா பன்னிரண்டில் போடுவதா, அதற்காகக் கொட்டகையை மாற்றிக் கட்ட வேண்டுமா என்பது கேள்வி.

லிட்டர் கணக்கைக் கேட்டிருந்தாலும், நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது உங்கள் தீவனம் எந்த மாட்டிடம் வீணாகிறது, எந்த மாடு போதாமல் நிற்கிறது என்பதைத்தான். ஈரோடு, நாமக்கல் பக்கக் கிராமங்களில் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது பண்ணைகளுக்குத் தீவன ஆலோசனை சொல்லி வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். உங்கள் மாடுகளை நான் பார்க்கவில்லை, உங்கள் பசுந்தீவனத்தையும் பார்க்கவில்லை. ஆகவே கீழே வரும் கிலோ கணக்குகளை அரை கிலோ அப்படி இப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்கிற முறையில் எனக்குச் சந்தேகம் இல்லை.

உங்கள் கணக்கையே எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். நம் ஊரில் கலப்பினப் பசுவுக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு, உடம்பைக் காப்பாற்ற ஒன்றரை கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. நீங்கள் அனுப்பிய பட்டியலில் 7 மாடு சராசரியாக 15, 16 லிட்டர் தருகிறது. இன்னொரு 7 மாடு பத்து லிட்டர் பக்கம். மீதி 6 மாடு ஐந்து லிட்டர் பக்கம். கணக்குப்படி முதல் கூட்டத்துக்குத் தலைக்கு 7.7 கிலோ, நடுக் கூட்டத்துக்கு 5.5, கடைசிக் கூட்டத்துக்கு 3.5 கிலோ வேண்டும். இருபது மாட்டுக்கும் கூட்டினால் நாளுக்கு 113 கிலோ வருகிறது. நீங்கள் இப்போது போடுவது 110 கிலோ. அதாவது மொத்தத்தில் உங்கள் கை சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு மாடு தலைக்கு இரண்டு கிலோ கூடுதலாகத் தின்று கொழுப்பு வைக்கிறது, ஏழு மாடு தலைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் குறைவாகத் தின்று உடம்பைக் கரைத்துப் பால் தருகிறது. ஆறு மாட்டிடம் மட்டும் மாதத்துக்கு 360 கிலோ, ஏழு மூட்டை, தவறான வாயில் போகிறது. சராசரியைப் பார்த்துத் தீவனம் போடுகிற எல்லாப் பண்ணையிலும் இதுதான் நடக்கிறது.

இதில் ஒரு எச்சரிக்கை. அந்த ஏழு மூட்டையைப் பால்மாடுகளுக்குத் திருப்பிவிட்டால் கிலோவுக்கு இரண்டரை லிட்டர் கூடுதலாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அந்த இரண்டரை, பாலுக்கான தேவையைக் கணக்கிடும் எண். கூட்டிப் போடுகிற தீவனத்துக்கு என்ன பலன் வரும் என்பது வேறு. ஏற்கெனவே ஓரளவு தின்கிற மாட்டுக்கு ஒரு கிலோ கூட்டினால் பெரும்பாலும் ஒரு லிட்டர் பக்கம் வரும். கன்று போட்டு இரண்டு மாதத்துக்குள் இருக்கிற மாடு நன்றாகப் பலன் காட்டும், எட்டு மாதம் ஆனது காட்டாது. ஆனால் பலன் பாலில் மட்டும் வருவதில்லை. நேரத்தோடு பருவத்துக்கு வருவது, சினை ஊசி போட்டதும் சினை பிடிப்பது, அடுத்த ஈத்தில் உச்சப் பால் ஏறுவது என்று ஆறு மாதம் தள்ளியும் வரும். தீவனத்தை மாற்றிய வாரமே கேனைப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று பழையபடி திரும்புகிறவர்கள் அதிகம்.

பாலை வைத்துக் குழு பிரிக்கும் யோசனை நம் ஊருக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கா, இஸ்ரேல் மாதிரி நாடுகளின் பெரிய பண்ணைகளில் மாட்டைக் கட்டுவதில்லை. நூற்றுக்கணக்கான மாடுகள் அவிழ்த்துவிட்ட கொட்டகையில், தட்டையும் அடர்தீவனமும் ஒன்றாகக் கலந்த முழுக் கலவைத் தீவனத்தை ஒரே தொட்டியில் தின்னும். அங்கே ஒரு மாட்டுக்கு மட்டும் ஒரு கிலோ கூடுதலாகக் கொடுக்க வழி இல்லை. அதனால் குழு பிரித்து, குழுவின் சராசரிப் பாலுக்குச் சற்று மேலே வைத்து, அதாவது ஏறக்குறைய ஆறில் ஐந்து மாட்டுக்குப் போதுகிற மாதிரிக் கலவை தயாரிப்பார்கள். உங்கள் 20 மாடும் இரண்டு வரிசையில் கட்டியே நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனித் தொட்டி இருக்கிறது. அவர்களுக்கு இல்லாத வசதி இது. அடர்தீவனத்தைப் பொறுத்தவரை உங்களுக்குக் குழுவே தேவையில்லை என்றுகூடச் சொல்லலாம், மாட்டுக்கு மாடு அளந்து போடலாம். ஆனால் ஆள் வேலைக்கு வருகிற பண்ணையில் இருபது விதமான அளவை யாரும் நினைவில் வைத்துப் போட மாட்டார்கள். மூன்று அளவு என்றால் போடுவார்கள். குழு வேண்டியது அதற்காகத்தான்.

இப்போது கோட்டுக்கு வருவோம். பத்து லிட்டரில் கோடு போட்டால் என்ன ஆகும் என்பதை மூன்று மாட்டை வைத்துப் பாருங்கள். மூன்றும் இன்றைக்கு ஒன்பது லிட்டர். முதலாவது, கன்று போட்டு நாற்பது நாள் ஆன தலையீத்து மாடு. இரண்டாவது, கன்று போட்டு எட்டரை மாதம் ஆகி, ஐந்து மாதச் சினையோடு முதுகில் சதை பிடித்து நிற்கும் நாலாம் ஈத்து மாடு. மூன்றாவது அதே எட்டரை மாதம்தான், ஆனால் விலா எலும்பு எண்ணலாம், இன்னும் சினை பிடிக்கவில்லை. லிட்டர் கோடு மூன்றையும் கீழ்க் கூட்டத்தில் தள்ளிவிடும். முதலாவதின் தீவனத்தைக் குறைத்தால் அந்த ஈத்தே கெட்டுவிடும். தலையீத்து மாடு நாற்பதாம் நாள் தரும் ஒன்பது லிட்டர் அதன் உச்சமாக இருக்க வேண்டியதில்லை, இன்னும் ஏறலாம். அதோடு அது வளர்ந்துகொண்டும் இருக்கிறது. உடம்பைக் காக்கும் பங்குக்கு மேல் முதல் ஈத்தில் 20 சதவீதமும் இரண்டாம் ஈத்தில் 10 சதவீதமும் வளர்ச்சிக்காகக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பது பழைய, நிலைத்த கணக்கு. இரண்டாவது மாட்டுக்குக் குறைப்பது சரி. மூன்றாவதுக்குக் குறைத்தால் அது சினை பிடிப்பது இன்னும் தள்ளிப்போகும்.

அடுத்தது கொழுப்பு. உங்களிடம் ஜெர்சி கலப்பும் இருப்பதால் லிட்டரை மட்டும் பார்த்தால் ஜெர்சிக்கு அநியாயம் நடக்கும். பாலை 4 சதவீதக் கொழுப்புக்குச் சமன் செய்து பார்க்க ஒரு எளிய கணக்கு உண்டு. பாலின் கிலோவை 0.4-ஆல் பெருக்குங்கள். அந்தப் பாலில் இருக்கும் கொழுப்பின் கிலோவை 15-ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டுங்கள். 3.5 சதவீதக் கொழுப்பில் 15 கிலோ தரும் எச்.எஃப். கலப்புக்கு இது 13.9 வரும். 5 சதவீதக் கொழுப்பில் 12 கிலோ தரும் ஜெர்சி கலப்புக்கு 13.8 வரும். இரண்டுக்கும் பாலுக்கு வேண்டிய சத்து ஏறக்குறைய ஒன்றுதான். பால் சங்கத்தில் தெரிந்தவர் இருந்தால் மாதம் ஒருமுறை தனித்தனி சாம்பிள் எடுத்துப் போய்க் கொழுப்பு பார்த்துக்கொள்ளுங்கள். காலைப் பாலையும் மாலைப் பாலையும் கலந்த சாம்பிளாக இருக்கட்டும், ஒரு வேளை சாம்பிள் ஏமாற்றும்.

ஆக நான் உங்கள் இடத்தில் இருந்தால் லிட்டரை மூன்றாவது கேள்வியாக வைப்பேன். முதல் கேள்வி, கன்று போட்டு எத்தனை நாள்? நல்ல கறவை மாட்டின் பால் ஆறு, எட்டு வாரத்தில் உச்சத்துக்குப் போய்விடும். ஆனால் அதன் தீனி அளவு உச்சத்துக்கு வர பத்து, பன்னிரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். இடையில் வரும் பற்றாக்குறையை உடம்பைக் கரைத்துத்தான் ஈடு கட்டும். இந்தக் காலத்தில் இருக்கிற எந்த மாடும், இன்றைக்கு எத்தனை லிட்டர் தந்தாலும், மேல் கூட்டத்தில் இருக்க வேண்டும். நாலு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சினை உறுதியானால் இன்னும் நல்லது, ஆகாவிட்டால் காரணத்தைத் தேட வேண்டும். இரண்டாவது கேள்வி, உடம்பு எப்படி? பின்னால் நின்று பாருங்கள். வாலடியின் இரண்டு பக்கமும் குழி ஆழமாக, இடுப்பு எலும்பு தூக்கிக்கொண்டு, விலா வரி வரியாகத் தெரிந்தால் மாடு கீழே போய்விட்டது. ஐந்துக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் இதை இரண்டு என்பார்கள். கன்று போடும்போது மூன்று முதல் மூன்றரை இருப்பது நல்லது. போட்ட பிறகு அரை மதிப்பெண் இறங்குவது இயல்பு. ஒன்றுக்கு மேல் இறங்கினால் அந்த மாடு பருவத்துக்கு வருவது தாமதமாகும். அதற்குப் பிறகுதான் லிட்டர்.

அப்படிப் பார்த்தால் உங்கள் கறவை மாடுகள் இப்படிப் பிரியும். மேல் கூட்டத்தில், கன்று போட்டு நாலு மாதத்துக்குள் இருப்பவை எல்லாம், அதைத் தாண்டியும் கொழுப்புக் கணக்கில் பன்னிரண்டுக்கு மேல் தருபவை, அப்புறம் இளைத்துப்போய் இன்னும் சினை பிடிக்காதவை. நடுக் கூட்டத்தில், சினை உறுதியாகி ஏழிலிருந்து பன்னிரண்டு வரை தருபவை. கீழ்க் கூட்டத்தில், சினையும் உறுதி, பாலும் ஏழுக்குக் கீழே, உடம்பும் தேறியவை. உடம்பு தேறாத பின்கறவை மாட்டைக் கீழே தள்ளாமல் நடுவிலேயே வைத்திருங்கள். பால் கறக்கும்போதே உடம்பைத் தேற்றுவது வற்றிய பிறகு தேற்றுவதைவிடத் தீவனச் சிக்கனம். இந்தப் பன்னிரண்டும் ஏழும் உங்கள் பட்டியலைப் பார்த்து நான் போட்ட எண்கள். எல்லாப் பண்ணைக்கும் பொதுவான எண் என்று ஒன்று கிடையாது. பட்டியலைப் பாலின் வரிசையில் எழுதினால் நடுவில் எங்கேயோ ஒரு இடைவெளி தெரியும், கோட்டை அங்கே போடுங்கள்.

தலையீத்து மாடுகளை மேல் கூட்டத்துக்குள்ளேயே பக்கத்தில் பக்கத்தில் கட்டுங்கள். மாலையில் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டுப் பொதுத் தொட்டியில் நேப்பியர் புல்லை நறுக்கிப் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒருநாள் அந்த நேரத்தில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கவனியுங்கள். கொம்புள்ள பெரிய மாடு தொட்டி நடுவில் நிற்கும். தலையீத்து மாடு அதற்குப் பின்னால், தலையை நீட்டாமல், முன்னங்காலை ஒரு அடி வைத்து மறுபடி எடுத்து நின்றுகொண்டிருக்கும். பெரியவை தின்று படுத்து அசை போட ஆரம்பித்த பிறகுதான் அது தொட்டிக்கு வரும். அப்போது தொட்டியில் இலை இருக்காது, தண்டுதான் இருக்கும். நீங்கள் காலையில் அதற்கு எவ்வளவு அடர்தீவனம் அளந்து போட்டாலும் இந்த இழப்பு கணக்கில் வருவதில்லை. தலைக்கு இரண்டரை அடித் தொட்டி நீளம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இரண்டு தவணையாக அவிழ்த்துவிடுங்கள். முதல் தவணை தலையீத்துகளும் புதிதாகக் கன்று போட்டவையும்.

அந்தப் பத்தொன்பது லிட்டர் மாட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். கணக்குப்படி அதற்கு ஒன்பது கிலோ அடர்தீவனம் வருகிறது. 420 கிலோ எடையுள்ள மாடு என்று வைத்தால், ஈரம் நீக்கிப் பார்த்தால் நாளுக்குச் சுமார் பதிமூன்றரை கிலோ தின்னும். ஒன்பது கிலோ அடர்தீவனம் அதில் எட்டு கிலோவுக்கு மேல் எடுத்துக்கொள்ளும், ஏறக்குறைய 60 சதவீதம். இதுதான் எல்லை. இதைத் தாண்டினால் வயிறு புளித்து, சாணம் கழிசலாகி, கொழுப்பு இறங்கி, மாடு தீனியை விட்டுவிடும். ஆகவே இந்த மாட்டுக்கு இனிக் கிலோவைக் கூட்டக் கூடாது, கிலோவுக்குள் இருக்கும் சத்தைக் கூட்ட வேண்டும். பருத்திக்கொட்டை ஒரு கிலோ வரை, பைபாஸ் கொழுப்பு (முதல் வயிற்றில் கரையாமல் தாண்டிப் போகிற கொழுப்பு) 100 முதல் 150 கிராம், புரதம் 22 சதவீதம் உள்ள முதல் ரகக் கலப்புத் தீவனம் என்று போகலாம். இவற்றைச் சேர்க்கும்போது சாதாரணத் தீவனத்தை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். ஒரு வேளைக்கு இரண்டு, இரண்டரை கிலோவுக்கு மேல் போடாமல் நாலு வேளையாகப் பிரியுங்கள். சோடா உப்பு 100 கிராம் அளவில் சேர்ப்பது நல்லது. மிஞ்சிய சோறு, கஞ்சியை இந்த மாட்டின் பக்கமே கொண்டுபோக வேண்டாம். நல்ல மாடு என்று ஆசையாக அதற்குத்தான் கொண்டுபோய் ஊற்றுவார்கள், மறுநாள் மருத்துவரைக் கூப்பிடுவார்கள்.

இரண்டு வகை மூட்டை என்று விற்பனைக்காரர் சொல்வது இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் பொருந்துகிறது. பதினைந்து லிட்டர் வரையுள்ள மாடுகளுக்கு ஒரே நல்ல தீவனம், மூன்று அளவு, போதும். அதற்கு மேல் தருகிற இரண்டு மூன்று மாட்டுக்குத்தான் அடர்த்தி கூடிய தீவனம் தேவை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறையில் முதல் ரகத்துக்குக் குறைந்தது 22 சதவீதம், இரண்டாம் ரகத்துக்கு 20 சதவீதம் புரதம். மூட்டையில் அது அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயரை நம்பி வாங்க வேண்டாம்.

உங்கள் அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது. அவிழ்த்துவிட்ட மாடுகளைக் கலந்தால் யார் பெரியவர் என்று முட்டி முடிவு செய்யும். முதல் இரண்டு நாள் இது கடுமையாக இருக்கும், ஒரு வாரத்தில் அடங்கிவிடும். இதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதனால் பால் எவ்வளவு குறையும் என்பதில் ஆய்வுகளே ஒத்துப்போவதில்லை. சிலவற்றில் வித்தியாசமே தெரியவில்லை, சிலவற்றில் சில நாட்களுக்குச் சிறு சரிவு. என் அனுபவத்தில், இடம் மாற்றியதால் பால் போச்சு என்று சொல்லும் பண்ணைகளில் பெரும்பாலும் இடத்தோடு சேர்த்துத் தீவனத்தையும் ஒரே நாளில் மாற்றியிருப்பார்கள். ஏழு கிலோ தின்ற மாட்டை மறுநாள் ஐந்து கிலோவுக்கு இறக்கினால் அது எங்கே நின்றாலும் பால் விழும். இடத்தை இன்று மாற்றுங்கள், தீவனத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை கிலோ வீதம் மாற்றுங்கள். ஏற்றுவதும் அதே வேகத்தில்தான். ஒற்றை மாட்டைத் தனியாகக் கொண்டுபோய்ப் புதுக் கூட்டத்தில் விடாதீர்கள், இரண்டு மூன்றாக, மாலைத் தீனி போட்ட பிறகு விடுங்கள். கட்டி வைத்த மாட்டில் இந்தச் சண்டை பெரிதாக வராது. பக்கத்தில் நிற்பது மாறுகிறது, அவ்வளவுதான். ஆகவே அண்ணனின் பயம் உங்கள் கொட்டகைக்குப் பாதிதான் பொருந்தும்.

நடைமுறையில் இதைச் செய்ய ஒரு தொங்கு தராசு, மூன்று நிறக் கயிறு, கொஞ்சம் பெயிண்ட் போதும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலையும் மாலையும், ஒவ்வொரு மாட்டின் பாலையும் நிறுத்து எழுதுங்கள். ஒரு நாள் எண்ணை வைத்து மாட்டைக் கீழே இறக்காதீர்கள். பருவத்தில் இருந்த நாளாக இருக்கலாம், கறவைக்காரர் மாறிய நாளாக இருக்கலாம். அடுத்தடுத்து இரண்டு முறை கோட்டுக்குக் கீழே வந்தால் இறக்குங்கள். கழுத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கயிறு. தொட்டிக்கு மேல் சுவரில் எத்தனை மக்கு (அளக்கும் குவளை) என்ற எண். இந்த மக்கு விஷயத்தில் பலபேர் தவறுவார்கள். குச்சித் தீவனத்தில் ஒரு கிலோ பிடிக்கும் மக்கில் கோதுமைத் தவிடு அரை கிலோகூடப் பிடிக்காது. தீவனம் மாறும் ஒவ்வொரு முறையும் மக்கை நிறுத்துப் பாருங்கள். நீங்கள் தண்ணி காட்டும்போது தீவனத்தைப் பெரிய டிரம்மில் கரைத்து வாளியில் மொண்டு ஊற்றுகிறவர் என்றால், வரிசையின் முதல் மாட்டுக்கு மேலே மிதக்கும் தவிடும் கடைசி மாட்டுக்கு அடியில் படிந்த புண்ணாக்கும் போகும். அப்படிப் போகும்போது அளவுக்கே அர்த்தம் இல்லை. தொட்டியில் உலர்வாகவோ லேசாக ஈரப்படுத்தியோ போட்டுவிட்டுத் தண்ணீரைத் தனியாகக் காட்டுங்கள். ஒரு லிட்டர் பாலுக்கு நாலு லிட்டர் அளவில் தண்ணீர் வேண்டும், சித்திரை வெயிலில் இன்னும் கூடும். தண்ணீர் எப்போதும் எதிரில் இருந்தால் எந்தக் கணக்கும் போட வேண்டியதில்லை.

கறக்கும் வரிசையையும் இதோடு சேர்த்து மாற்றிக்கொள்ளலாம். தலையீத்தும் புதிதாகப் போட்டவையும் முதலில், மற்றவை அடுத்து, மடிநோய் வந்ததும் சிகிச்சையில் இருப்பதும் கடைசியில். மாட்டைக் கீழ்க் கூட்டத்துக்கு இறக்கும் முன் மடியைச் சோதித்துவிடுங்கள். வெளியே தெரியாத மடிநோயால் பால் குறைந்த மாட்டை, பின்கறவை என்று நினைத்துத் தீவனத்தைக் குறைத்து, நோயையும் கவனிக்காமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. கலிபோர்னியா மடிநோய்ச் சோதனைக்கு நாலு குழித் தட்டும் திரவமும் போதும், மாட்டுக்கு ஒரு நிமிடம்.

இவ்வளவு சொன்ன பிறகும், உங்கள் 26 மாட்டில் முதலில் பிரிக்க வேண்டியது எது என்று கேட்டால், நீங்கள் கேட்காமல் விட்ட அந்த ஆறைத்தான் சொல்வேன், நாலு வற்றிய மாடும் இரண்டு சினைக் கிடேரியும். அவை கறவை மாடுகளோடு அதே வரிசையில் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். வற்றிய மாடு பக்கத்து மாட்டின் தீவனத்தில் வாய் வைத்துக் கொழுத்துவிடும், அல்லது பால் இல்லை என்று வைக்கோலோடு விடப்படும். இரண்டுமே கன்று போட்ட முதல் பத்து நாளில் வந்து கடிக்கும். கொழுத்தது தீனி எடுக்காமல், உடம்புக் கொழுப்பு அளவுக்கு மீறிக் கரைவதால் வரும் கீட்டோசிஸ் நோயில் விழும், இளைத்தது உச்சப் பாலுக்கே ஏறாது. கன்று போடுவதற்கு 60 நாள் முன் வற்றவிடுங்கள். முதல் ஐந்து வாரம் நல்ல தட்டையும் கொஞ்சம் பசுந்தீவனமும், உடம்பைப் பார்த்து ஒன்று, ஒன்றரை கிலோ அடர்தீவனமும் போதும். கடைசி மூன்று வாரம் மெல்ல இரண்டரை, மூன்று கிலோவுக்கு ஏற்றுங்கள். கன்று போட்ட பிறகு தின்னப்போகும் தீவனத்துக்கு வயிறு அப்போதே பழக வேண்டும். இந்த மூன்று வாரத்தில் கால்சியம் டானிக் ஊற்றுவது நம் பக்கம் பெரிய பழக்கம். அதை நிறுத்துங்கள். வெளியிலிருந்து கால்சியம் தாராளமாக வந்துகொண்டிருந்தால், எலும்பிலிருந்து எடுக்கும் வேலையை உடம்பு நிறுத்தி வைத்துவிடும். கன்று போட்டுச் சீம்பாலுக்குத் திடீரெனத் தேவை எகிறும்போது அது தயாராக இருக்காது, மாடு பால் காய்ச்சலில் படுத்துவிடும். மூன்றாம் ஈத்துக்கு மேற்பட்ட மாடுகளுக்கும், குறிப்பாக ஜெர்சி கலப்புக்கும், இந்த ஆபத்து அதிகம். குதிரைமசாலையும் அந்த மூன்று வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். கால்சியத்தைக் கன்று போட்ட பிறகு கொடுங்கள்.

கொட்டகை பற்றி. கறவை மாட்டுக்காக எதையும் இடிக்க வேண்டாம். இரண்டு வரிசையில் ஒன்றை மேல் கூட்டத்துக்கும், மற்றதில் கதவுப் பக்கம் பாதியை நடுவுக்கும், மீதியைக் கீழுக்கும் ஒதுக்கினால் போதும். கையில் செலவழிக்கப் பணம் இருந்தால், கொட்டகையின் தென்கோடியில் வற்றிய மாடுகளுக்கு ஒரு தனித் தடுப்பும், அதை ஒட்டி பத்துக்குப் பதிமூன்று அடியில் கன்று போட ஒரு அறையும் போடுங்கள். தரை வழுக்காமல், மேலே நிழல் நன்றாக இருக்கட்டும், வாசல் கறவைக்காரர் படுக்கிற இடத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி வையுங்கள்.